கல்யாண நாளிலிருந்து எண்ணாதீர்கள்

தக்கலை பக்கம் ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு சவூதியில் வேலை, லீவு இரண்டு மாதம். பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, தாலி கட்டுவதற்குள் அதில் ஒரு மாதம் போய்விடும். மறுவீடு, விருந்து என்று உறவுக்காரர் வீடுகளை ஒரு சுற்று வருவதற்குள் டிக்கெட்டில் போட்ட தேதி வந்து நிற்கும். அடுத்து அவர் ஊருக்கு வருவது இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் ஊர் தன் கணக்கை முடித்திருக்கும்: கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒண்ணையும் காணோம். மாமியார் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நாலு இடம் போய்வருவார். மைனி ஒரு டாக்டரின் பெயரைச் சொல்வார். "என்ன மக்கா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்கிறவர்களுக்கு அஞ்சி, அந்தப் பெண் கல்யாண மண்டபங்களுக்குப் போவதையே குறைத்துக்கொள்வார்.

மருத்துவரின் கணக்கு வேறு. கருத்தடை எதுவும் இல்லாமல், சேர்ந்து வாழ்ந்து, முறையாக உறவு கொண்டு 12 மாதம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால்தான் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதன்படி பார்த்தால் ஊர் இரண்டு வருஷம் என்று சொல்கிற இடத்தில் மருத்துவர் எழுதிக்கொள்ள வேண்டியது ஒரு மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தையின்மை பற்றிப் பேசும்போது முதலில் திருத்த வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்பது என் கட்சி. காலெண்டரைத் தவறாக வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் பலன் ஒன்றுதான்.

பன்னிரண்டு மாதம் என்பது யாரோ மனம்போல வைத்த எல்லை அல்ல. இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை, வயதும் இளமை என்றாலும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். மாதம் மாதம் அந்த வாய்ப்பு சேர்ந்து, ஒரு வருஷ முடிவில் நூறு இணையரில் சுமார் 85 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. மிச்சமுள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் தானாகவே தங்கும். சினைப்பையிலிருந்து வெளிவந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். பெண்ணின் உடலுக்குள் சென்ற விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக ஒரு மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஆறு. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு அது தோராயமாகப் பத்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் வரும். லீவில் வந்தவர் இரண்டு மாதம் இருந்தால் இப்படி இரண்டு வாய்ப்பு. அதிலும் ஒன்று திருவிழாவிலும் வீட்டுவேலையிலும் போய்விடலாம்.

வளைகுடாக்காரர்கள் மட்டுமல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் ஒரு மாதத்துக்கு மேலும் கடலிலேயே கிடக்கின்றன. கரைக்கு வந்து மீனை இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றித் திரும்பும் இடைவெளி சில நாட்கள்தான். அந்தச் சில நாட்கள் மனைவியின் அந்த ஆறு நாட்களோடு ஒத்துவருமா என்பது வெறும் தற்செயல். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அதுதான் பல மீனவ வீடுகளில் கணவனும் மனைவியும் தொடர்ந்து ஒன்றாக இருக்கும் ஒரே காலம். மருத்துவமனைக்குப் போக நினைப்பவர்களுக்கும் அதுவே தோதான காலம். இன்னொரு பக்கம், மனைவி வெளிநாட்டில் நர்ஸாக இருக்க, கணவர் ஊரில் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும் விளவங்கோடு, கல்குளம் பக்கம் உண்டு. இவர்களில் பலருக்குத் தேவைப்படுவது சிகிச்சை அல்ல, சேர்ந்திருக்கும் நாட்கள்.

இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. சேர்ந்திருந்த மாதங்களை நாம் எப்படி எண்ணினாலும், வயதை உடல் ஒரே மாதிரிதான் எண்ணுகிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் பத்து லட்சத்துக்கு மேல் முட்டைகளோடு பிறக்கிறது. பெரியவளாகும்போது அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். பிறகு புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. 35 வயதுக்குப் பின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்குகின்றன. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயதே 46, 47 என்பதால், மேல்நாட்டுப் பெண்களைவிட நம்மவர்களுக்குக் கிடைக்கும் காலம் சில வருஷம் குறைவு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பெண்கள் பி.எட்., எம்.எஸ்சி., நர்சிங் என்று முடித்து, வேலையில் சேர்ந்து, இருபத்தெட்டு முப்பதில் கல்யாணம் செய்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் முப்பதில் கல்யாணம் ஆகி, கணவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனால், கல்யாணத்துக்குப் பின் மூன்றாவது லீவு முடியும்போது மனைவிக்கு 36 ஆகியிருக்கும். அவர்களைப் பார்த்து, 'நீங்க சேர்ந்திருந்ததே ஆறேழு மாசம்தானே, பொறுங்க' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதுவும் பிழையான ஆலோசனையே.

அதனால்தான் பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதம் போதும் என்கிறார்கள். 40-ஐ நெருங்கினால் காத்திருக்கவே வேண்டாம்.

முதல் பரிசோதனை யாருக்கு?

நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. இதெல்லாம் முடிந்து, ஃபைல் தடித்து, கழுத்தில் கிடந்த சங்கிலியில் பாதி அடகுக் கடைக்குப் போன பிறகு கணவரைக் கூப்பிடுவார்கள். அவரும் வரமாட்டார். "எனக்கு என்ன குறை?" என்பார். ஓர் ஆணின் உடலுறவுத் திறனுக்கும் அவருடைய விந்தில் அணுக்கள் இருக்கின்றனவா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை நம்மில் படித்தவர்களே ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை இல்லாத இணையர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. இத்தனைக்கும் இருக்கிற பரிசோதனைகளிலேயே ஊசியோ மயக்கமோ தேவைப்படாத, செலவு குறைந்த பரிசோதனை விந்துப் பரிசோதனைதான்.

உறவு கொள்ளாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் அணுக்கள் 1 கோடியே 60 லட்சம், அசையும் அணுக்கள் 42 விழுக்காடு என்பவை கீழ் எல்லைகள். இதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல, மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றும் இல்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய எழுபது நாளுக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த டெங்குக் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். அதனால் முதல் ரிப்போர்ட் மோசமாக இருந்தால் மனம் உடைந்துபோகாமல், மூன்று மாத இடைவெளியில் இன்னொரு முறை பார்ப்பதுதான் முறை.

காரணங்களில் சில சின்ன வயதிலேயே விதைக்கப்பட்டவை. விதை கீழிறங்காமல் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். 'வளர வளர சரியாகும்' என்று விட்டுவிட்ட பாட்டிகளின் பேரன்கள் முப்பது வயதில் வந்து நிற்கிறார்கள். பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி விதைகளைத் தாக்கியிருக்கலாம். குடலிறக்க அறுவையில் விந்துக்குழாய் சேதமாகியிருக்கலாம். விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கும் வேரிகோசில் இன்னொரு காரணம். அது எல்லாருக்கும் தொந்தரவு தருவதில்லை, எல்லாருக்கும் அறுவை சிகிச்சையும் தேவையில்லை. நாள்பட்ட சர்க்கரை நோயில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு. புகையிலை, மது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்திருப்பது ஜிம். உடம்பை முறுக்கேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்பதைத் தெரிந்துகொள்வதில்லை. ஆண்மைக்குறைவு என்று நினைத்து அதே ஊசியைச் சிகிச்சையாகப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் பரிதாபம். விந்தில் ஓர் அணுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் கதை முடிந்துவிடாது. அடைப்பினால் இல்லையா, உற்பத்தியே இல்லையா என்று பார்த்து, விதையிலிருந்தே அணுவை எடுக்க முயலலாம். அணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை 1992 முதல் உலகில் இருக்கிறது.

யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆன சில இணையருக்குள் உடலுறவே சரியாக நடந்திருக்காது. வலி, பயம், விறைப்புக் கோளாறு, அல்லது ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டார். நல்ல மருத்துவர் முதலில் மாமியாரை வெளியே உட்காரச் சொல்வார்.

ஆசாரிப்பள்ளம் சொல்லும் பாடம்

பெண்ணின் பக்கக் காரணங்களில் இன்று எல்லோர் வாயிலும் அடிபடுவது 'நீர்க்கட்டி'. உண்மையில் அவை கட்டிகளே அல்ல, வளர்ந்து வெடிக்காமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். விலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளிப் போவது, முகத்தில் முடி, உடல் எடை என்று அடையாளம் காட்டும் இந்தப் பிசிஓஎஸ்ஸில் கோளாறு முட்டை வெளிவராமையில் இருக்கிறது. உடல் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகி முட்டை வெளிவரத் தொடங்கிவிடும். ஆகாதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. குழந்தையின்மைக் காரணங்களில் எளிதாகச் சரிசெய்யக்கூடியவற்றில் ஒன்று இது. ஆனால் அதிகப் பயமுறுத்தலுக்குப் பயன்படுவதும் இதுதான். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கமும் அப்படியே. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு மாத்திரையில் தீரக்கூடியவை.

பயப்பட வேண்டியதற்கு நாம் பயப்படுவதில்லை. மாதம் தோறும் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம், 'எல்லாருக்கும் உள்ளதுதான், பிள்ளை பெத்தா சரியாகும்' என்கிறோம். அந்த வலி எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு சினைப்பையிலும் கருக்குழாயைச் சுற்றியும் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும் நோய் அது. மாத்திரை போட்டும் அடங்காமல் பள்ளிக்கும் வேலைக்கும் லீவு போட வைக்கும் வலி எதுவானாலும் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும், கல்யாணம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது காசநோய். இங்கே இந்த மாவட்டத்தின் வரலாற்றை ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரின் முதல் பெண் சர்ஜன் ஜெனரலான டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் ஒரு மகப்பேறு மருத்துவர். பிரசவ அறையில் வாழ்நாளைக் கழித்த அவர்தான் நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமாக இருந்தார். இன்று அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் ஆசாரிப்பள்ளம் வளாகம் காசநோயாளிகளின் இடமாக இருந்ததை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். காசநோய் என்றால் இருமல், நெஞ்சு, சளி என்றுதான் நமக்குத் தெரியும். அந்தக் கிருமி ரத்தத்தின் வழியே கருக்குழாய்க்கும் போய்ச் சேரும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, விலக்குகூட ஒழுங்காக வந்துகொண்டிருக்கலாம். குழாய் மட்டும் உள்ளே அடைத்துப்போகும், கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போகும். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த நோய் இந்தியாவில் கருக்குழாய் அடைப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால், சின்ன வயதில் கழுத்தில் நெறி கட்டி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சில் மறைத்த விஷயம் என்பதால் மருத்துவமனையிலும் மறைக்கிறார்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அடைத்துப்போன குழாயை மருந்து திறந்துவிடாது, அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

நார்க்கட்டி, கருப்பையின் பிறவி அமைப்புக் குறைபாடு, கருக்கலைப்புக்குப் பின் ஏற்படும் கிருமித்தொற்று ஆகியவையும் பட்டியலில் உண்டு. முதல் குழந்தை பிறந்து ஆறேழு வருஷமாகியும் இரண்டாவது தங்காதவர்களை 'ஒண்ணுதான் இருக்கே, பிறகென்ன' என்று அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் குழந்தையின்மைதான், அதற்கும் காரணம் தேட வேண்டும். எல்லாப் பரிசோதனையும் செய்து இருவரிடமும் ஒரு காரணமும் அகப்படாத இணையர் 15 முதல் 30 விழுக்காடு வரை இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'எல்லாம் நார்மல்' என்று மருத்துவர் சொல்லும்போது அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

மணவாளக்குறிச்சி, மிடாலம் கடற்கரைகளில் இன்னொரு காரணமும் பேசப்படுகிறது: தோரியம் கலந்த கருமணலின் கதிர்வீச்சு. மணல் எடுப்பதற்கு எதிரான மக்களின் போராட்டத்துக்கு நிலம், கடல், வாழ்வாதாரம் என்று வலுவான நியாயங்கள் உண்டு. ஆனால் குழந்தையின்மைக்கு மணலைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வேறு விஷயம். இதே மணல் உள்ள கேரளக் கடற்கரையில் பிறந்த குழந்தைகளிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில், பிறவிக் குறைபாடுகளோ செத்துப் பிறப்பதோ கதிர்வீச்சு கூடிய பகுதிகளில் குறிப்பிடும்படி அதிகமாகக் காணப்படவில்லை. மணலைச் சந்தேகிப்பதற்கு முன் தைராய்டையும் விந்தையும் பார்த்துவிடலாம்.

நாகராஜா கோயில் அரசமரத்தடியில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் விடும் கூட்டத்தில் குழந்தைக்காக வேண்டி நிற்பவர்கள் எத்தனையோ பேர். மும்மூர்த்திகளையே கைக்குழந்தைகளாக்கிய அனுசூயையின் கதை சொல்லும் சுசீந்திரமும் பக்கத்தில்தான். வேண்டுதலுக்கும் வைத்தியத்துக்கும் பகை கிடையாது. ஒரு வேண்டுதல் பலிக்கவில்லை என்று இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று மூன்று ஆவணி கழிந்துபோவதில்தான் சிக்கல்.

யாரிடம், எப்போது?

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் பக்கத்தில் உள்ள மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கி, ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது போதும். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால், சேர்ந்து வாழ்ந்த ஒரு வருஷம் வரை பொறுக்கலாம். ஆனால் விலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறவர்கள், விலக்கே நின்றுபோனவர்கள், கடும் வலி உள்ளவர்கள், கருக்குழாயில் கரு தங்கி அறுவை சிகிச்சை செய்தவர்கள், இரண்டு முறை கரு கலைந்தவர்கள், காசநோயோ அடிவயிற்றுத் தொற்றோ வந்தவர்கள் ஒரு மாதம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. விதையில் அறுவை சிகிச்சை செய்த ஆண்களும் அப்படியே. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் போகும் இளம் வயதினர், ஆணோ பெண்ணோ, முதல் ஊசிக்கு முன்பே விந்தையோ முட்டையையோ உறைநிலையில் சேமிக்க முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். மருத்துவர்களே இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சிறப்பு மருத்துவர் என்றால் உடனே ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய் முறை, என்று பொருளல்ல. குழாய் திறந்திருந்து, விந்து சுமாராக இருந்து, வயதும் கைகொடுத்தால் மாத்திரையோடு சில மாதம், பிறகு விந்தைச் சுத்தப்படுத்திக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ என்று படிப்படியாகப் போக இடமிருக்கிறது. இரண்டு குழாயும் அடைத்தவரிடம், 38 வயதானவரிடம் அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறச் சொல்வதும் காலத்தைக் கொல்வதுதான். ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையைக் காட்டி, 'முட்டை தீர்ந்துபோச்சு, அடுத்த மாசமே ஐவிஎஃப்' என்று அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை அது காட்டுமே தவிர, இயல்பாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது.

1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது அது பத்திரிகைகளின் முதல் பக்கச் செய்தி. இன்று பஸ்ஸில் வரும்போதே கருத்தரிப்பு மையங்களின் பலகைகள் கண்ணில் படுகின்றன, எல்லாவற்றிலும் வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிறது. 35 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு ஒரு சுற்று ஐவிஎஃப் பலிக்கும் வாய்ப்பு நல்ல மையத்திலேயே மூன்றில் ஒன்றை ஒட்டித்தான். நாற்பதைத் தாண்டி, சொந்த முட்டையில் என்றால் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் ஆகும். 'நூறு சதவீதம்' என்று பலகையில் எழுதியவரிடம், என் வயதில் உள்ளவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். கரு தங்கியது எத்தனை என்பது வேறு கணக்கு.

2022 ஜனவரி 25 முதல் இதற்கென்று தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெறாத மையம் சிகிச்சை அளிக்கக் கூடாது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வரைதான் வயது வரம்பு. முட்டை தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் வந்த அதே வருஷம் ஜூன் மாதம், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைத் திருத்திய ஆதார் அட்டையைக் காட்டி, அவளிடமிருந்து பலமுறை முட்டை எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. பெற்ற தாயே உடந்தை. யாரோ ஒருவரின் குழந்தை ஆசை, வேறு யாரோ ஒருவரின் குழந்தையை விழுங்கியது. மையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

அரசுத் துறையில் ஐவிஎஃப் வசதி நம் மாநிலத்தில் சென்னை எழும்பூரில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து ரயிலில் ஓர் இரவு. மாநில எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்திலேயே ஐவிஎஃப் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். அதற்கு முன் அதிகச் செலவில்லாத ஒன்றைக் கேட்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, ஒரே நாளில், ஒரே அறையில் பார்த்துக்கொள்ளும் புறநோயாளிப் பிரிவு ஒன்றை வாரம் ஒருமுறை, மாலை நேரத்தில் அங்கே நடத்த வேண்டும். மகப்பேறு வார்டின் வாசலில் பெண்கள் வரிசைக்கு நடுவே நிற்க வெட்கப்பட்டே பாதி ஆண்கள் திரும்பிப் போகிறார்கள். சரியான விந்துப் பரிசோதனைக் கூடமும், மாதிரி கொடுக்கக் கதவு பூட்டுகிற ஓர் அறையும் அதோடு வேண்டும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் இதற்கென முகாம் நடத்தினால் இன்னும் நல்லது.

எல்லாம் செய்தும் பலிக்காதவர்கள் இருப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் சிகிச்சை தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வயல் போன பிறகுதான் நிறுத்துவார்கள். புத்தேரியில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கும் உமையம்மைக்கும் குழந்தை இல்லை. தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவர் பாட்டைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் வாய் திறந்தார்கள். நாஞ்சில் வேளாளர் வீடுகளில் 1926-இல் சட்டம் வரும்வரை சொத்து மருமக்கள் வழியில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் இறங்கியது. தன் வயிற்றுப் பிள்ளை இல்லாத வீடு வீடே இல்லை என்ற பேச்சு, இந்த மண்ணில் சிலர் நினைப்பதுபோல ஆதிகாலத்துப் பேச்சல்ல என்பது என் எண்ணம். தத்தெடுக்க நினைப்பவர்கள் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது சட்டப்படியான வழி. அதற்கும் காத்திருப்புப் பட்டியல் நீளம். பெற்றோரின் வயது அங்கேயும் கணக்கில் வரும்.

அடுத்த லீவுக்கு ஊருக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விந்துப் பரிசோதனையை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே செய்து, ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு வாருங்கள். மனைவியின் விலக்குத் தேதிகளைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள், கடைசி வாரத்தில் போனால் எதையும் தொடங்க முடியாது. சிகிச்சை தேவை, லீவு போதாது என்றால், திரும்பிப் போகுமுன் பதிவு பெற்ற மையத்தில் விந்தை உறைநிலையில் சேமித்து வைத்துவிட்டுப் போகலாம். எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அப்படி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் ரியாத்தில் இருக்கும்போதே இங்கே உங்கள் மனைவிக்குச் சிகிச்சை நடக்க முடியும்.